18 கோடைக் கணக்கு: யாராவது கூட்டிக் கழித்துப் பார்த்தீர்களா?

வாசகர் ஒருவர் கேட்டது:

"ஒரு பிள்ளையோடு நமக்குக் கிடைப்பது மொத்தமே 18 கோடைதான், ஒன்றையும் வீணாக்காதே என்று எங்கே திரும்பினாலும் எழுதிவைத்திருக்கிறார்கள். விடுமுறை முடியப்போகிறது. இந்த வருஷம் உருப்படியாக ஒன்றுமே செய்யவில்லை. ஒரு கோடையைத் தொலைத்துவிட்டேனா?"

ஞாயிறு, இரவு 11.40. பள்ளி திறக்க 15 நாள்

தொலைக்கவில்லை. கணக்கில்தான் கோளாறு.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு 14, சின்னவனுக்கு 9. அந்த வாசகத்தின்படி மூத்தவளோடு 4 கோடை பாக்கி, சின்னவனோடு 9. ஆக 13 என்று அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது, இரண்டும் ஒரே கோடைகள்தானே, எப்படிக் கூட்டுவது? நாலு பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கோடை என்று பார்த்தால், சின்னவன் பிறந்ததிலிருந்து மூத்தவளுக்கு 18 ஆகும்வரை, மொத்தமே 13. அதில் 9 போய்விட்டது.

இன்னும் கழிக்கலாம். பெரியவர்களிடம் உங்கள் முதல் ஞாபகம் எது என்று கேட்டால் சராசரியாக மூன்று, மூன்றரை வயதில் நடந்ததைத்தான் சொல்கிறார்களாம். அப்படியென்றால் முதல் மூன்று கோடைகள் பிள்ளையின் கணக்கில் ஏறவே இல்லை. கடைசி மூன்றில் அறைக் கதவு சாத்தியிருக்கும். மிச்சம் 12. அதில் எனக்கு லீவு கிடைக்காத வாரங்கள், காய்ச்சல் வந்த வாரங்கள், இரண்டும் அடித்துக்கொண்டு நான் கத்திய வாரங்கள் எல்லாம் போனால் கையில் என்ன நிற்கும்? நாலோ ஐந்தோ.

இப்படியே கழித்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் இந்தக் கணக்கே தப்பு என்கிறேன். என்னைக் கேட்டால் ஒரு சாயங்காலம் ஒரு முழுக் கோடைக்குச் சமம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வீட்டுச் சாவி கையில் இல்லாமல் பிள்ளைகளோடு மாடிப்படியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். செய்ய ஒன்றுமில்லை. கீழே காலடிச் சத்தம் கேட்டால் வருவது யார் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு. சின்னவனுக்கு அப்போது 6. "இது களைச்சுப் போனவங்க", "இது பை தூக்கிட்டு வர்றவங்க" என்று குதிகாலால் படியைத் தட்டிக்கொண்டே சொன்னான். அந்தக் குதிகால்கள் இப்போதும் என் கண்ணில் நிற்கின்றன. அந்த வருஷம் நாங்கள் போன இடம், எடுத்த படம் ஒன்றும் ஞாபகமில்லை.

கேட்டவரே, உங்களுக்கும் அப்படி ஒரு படிக்கட்டு இருக்கும். தேடிப் பாருங்கள். தூங்கப் போகிறேன்.

திங்கள், காலை 6.50. 14 நாள்

ஒன்றுமே செய்யாத கோடை என்று நானும் புலம்பிக்கொண்டிருந்தேன். இன்று காலை எழுந்ததும் சின்னவனைக் கதவு நிலையில் நிறுத்தி அளந்தேன். கடைசிப் பரீட்சை அன்று போட்ட பென்சில் கோட்டிலிருந்து 2.1 சென்டிமீட்டர்! இரண்டே மாதத்தில்! நான் ஒன்றும் செய்யாவிட்டால் என்ன, அவன் செய்திருக்கிறான்.

திங்கள், இரவு 10.15

காலையில் போட்டதைத் திருத்த வேண்டியிருக்கிறது. இரட்டைப் பிள்ளைகளின் அம்மா ஒருவர் கேட்டார்: "பழைய கோடு எத்தனை மணிக்குப் போட்டது?"

பரீட்சை முடிந்து வந்த பிறகு, சாயங்காலம்.

நாம் எல்லோருமே காலையில் உயரம், மாலையில் குட்டை. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை போன்ற தட்டுகள் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்பும். நின்று நடந்தால் அழுந்தும். எழுந்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அதிலேயே போய்விடலாம். இன்று மாலை, அதே நேரத்துக்கு, திரும்ப நிறுத்தினேன். 1.2.

"என் மீதி எங்கம்மா போச்சு?" என்றான். ராத்திரி தூங்கினால் வந்துவிடும் என்றேன். ரொம்ப நேரம் என்னைச் சந்தேகமாகவே பார்த்தான்.

1.2 ஒன்றும் குறைவில்லை. இந்த வயதில் ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்வார்கள். இரண்டு மாதத்துக்கு ஒன்று வந்தால் சரி. குளிர் மாதங்களைவிட வசந்தத்திலும் கோடையிலும் உயரம் கொஞ்சம் வேகமாக ஏறும் என்பதும் பழைய செய்தி. எவ்வளவு பழையது என்று தேடப் போய் ஒரு அப்பாவிடம் மாட்டிக்கொண்டேன். பிரான்சில் ஃபிலிபேர் கெனோ த மோன்பெயார் என்று ஒருவர். 1759-இல் மகன் பிறந்ததிலிருந்து 1777 வரை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவனை நிற்கவைத்து அளந்து எழுதிவைத்திருக்கிறார். ஒரே பிள்ளையைப் பிறப்பிலிருந்து வளர்ந்து முடியும்வரை தொடர்ந்து அளந்த முதல் பதிவு அதுதான். இவருடைய நண்பர், இயற்கையியலாளர் பூஃபோன், அந்த அளவுகளைத் தன் நூலில் சேர்த்துக்கொண்டார். கோடை அரையாண்டில் பையன் அதிகம் வளர்கிறான் என்று கவனித்துச் சொன்னவரும் பூஃபோன்தான்.

கவனித்தீர்களா? 1759-இலிருந்து 1777. பதினெட்டு வருஷம். 18 கோடையையும் ஒன்றுவிடாமல் நிஜமாகவே எண்ணிய ஒரு அப்பா இருந்திருக்கிறார்! அவர் வீணாக்காதே என்று யாருக்கும் எழுதவில்லை. அளவுகோலை எடுத்தார், அவ்வளவுதான்.

புதன், அதிகாலை 1.50. 12 நாள்

மூத்தவள் அறையில் விளக்கு எரிகிறது. எட்டிப் பார்த்தேன். "தூக்கம் வரலம்மா" என்றாள். பொய் சொல்லவில்லை. விடுமுறை தொடங்கியபோது 11, அப்புறம் 12, இப்போது 2.

ஏன் எப்போதும் பின்னாலேயே நகர்கிறது, ஒரு தடவையாவது தானாக முன்னால் வரக் கூடாதா என்று யோசித்திருக்கிறேன். வராதாம். மனித உடம்புக்குள் ஓடும் கடிகாரம் சரியாக 24 மணி நேரம் இல்லை, கொஞ்சம் கூடுதல். 1999-இல் தூக்க ஆய்வாளர் சார்ல்ஸ் சைஸ்லர் குழுவினர் வெளியிட்ட அளவில் சராசரி 24 மணி 11 நிமிடம். கயிற்றை விட்டுவிட்டால் தினம் கொஞ்சம் பின்னால் சரிவதுதான் அதற்கு இயல்பு. பதின்ம வயதில் தூக்கத்துக்கு ஆயத்தமாக்கும் மெலட்டோனினும் பிந்தித்தான் சுரக்கிறது. ஆக இரண்டு மணிக்கு விழித்திருக்கும் 14 வயதுப் பெண்ணைப் பார்த்து "திமிர்" என்று சொன்ன இந்த அம்மா, மன்னிப்புக் கேட்க வேண்டியவள். காலையில் கேட்கிறேன். அவள் காலை என்றால் பதினொன்று.

இன்னொரு கணக்கு. இரவுக்கு 15 நிமிடமாக முன்னால் இழுத்தால் 2 மணியிலிருந்து 10 மணிக்கு வர 16 இரவு வேண்டும். கையில் 12.

வியாழன், மதியம் 1.05. 11 நாள்

அலுவலகத்தில் இருந்துகொண்டே இதை எழுதுகிறேன், யாரும் சொல்லிவிடாதீர்கள்.

மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். திமிர் என்று சொன்னதற்கு. "எப்ப சொன்ன?" போயும் போயும் அதைத்தான் மறந்திருக்கிறாள். நான் ஒரு வாரமாகச் சுமந்தேன்.

பதில் போட்டவர்களில் பாதிப் பேர், படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாதே, எழுப்பும் நேரத்தைப் பிடி என்கிறார்கள். சரிதான். தூங்கு என்று யாரையும் தூங்கவைக்க முடியாது, எழுப்ப முடியும். எழுப்பி வெளிச்சத்தில் விட்டால் கடிகாரம் முன்னால் வரும். இன்று 9.30-க்கு எழுப்பித் திரையை விலக்கினேன். ஒரு தலையணை பறந்து வந்தது.

சனி, மாலை 5.30. 9 நாள்

பள்ளிப் பையைத் திறந்தேன்.

கடைசி நாள் கொண்டுபோன சாப்பாட்டு டப்பா அதன் அடியில், மூடி இறுக்கி மூடியபடி, இரண்டு மாதமாக இருந்திருக்கிறது. உள்ளே இருந்தது ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்று எழுத மாட்டேன். திறந்தவர் என் கணவர். இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை, அவரும் டப்பாவும்.

பையில் கிடைத்த மற்றவை: மூடியில்லாத பேனா ஐந்து, பேனாயில்லாத மூடி இரண்டு, "பெற்றோர் கையொப்பமிட்டு நாளையே அனுப்பவும்" என்ற சுற்றறிக்கை ஒன்று.

சனி, இரவு 11.20

மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்: பிள்ளைகளுக்கு விடுமுறை நீளமாகவும் நமக்கு மட்டும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்த மாதிரியும் ஏன் இருக்கிறது?

இதற்கு 1877-லேயே பிரெஞ்சுத் தத்துவக்காரர் பால் ஜானே ஒரு விடை சொன்னார். ஒரு காலம் எவ்வளவு நீளம் என்பது, இதுவரை வாழ்ந்ததில் அது எத்தனையில் ஒரு பங்கு என்பதைப் பொறுத்தது. 10 வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் வாழ்க்கையில் 60-இல் ஒரு பங்கு; 40 வயதில் அதே இரண்டு மாதம் 240-இல் ஒன்று. அவன் கோடை என் கோடையைப் போல நாலு மடங்கு.

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒட்டவில்லை. அப்படியென்றால் எனக்குப் பல் மருத்துவர் வாசலில் காத்திருக்கும் அரை மணி நேரமும் சுருங்க வேண்டாமா? அது மட்டும் ஏன் வயதோடு வளர்கிறது? புதிதாக நடப்பவை மனத்தில் தனித்தனியாக நிற்கின்றன, ஒரே மாதிரி நடப்பவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, பின்னால் திரும்பிப் பார்க்கும்போது ஒட்டிக்கொண்டது குட்டையாகத் தெரிகிறது என்று சொல்பவர்கள் பக்கம்தான் நான். இந்த இரண்டு மாதத்தில் சின்னவன் நீச்சல் கற்றான், ஒரு பல் விழுந்தது, ஒரு நண்பனோடு சண்டைபோட்டு அவனோடேயே ராசியானான், சீட்டியடிக்கப் பழகினான் (இதற்கு யார் காரணம் என்று தெரியும், அவர் இப்போது டப்பா கழுவிக்கொண்டிருக்கிறார்). நான்? அலுவலகம் போனேன், வந்தேன்.

ஞாயிறு, காலை 10.00. 8 நாள்

சின்னதாக ஒன்று. விடுமுறைப் பயிற்சிப் புத்தகம் வாங்கினோம், மூன்று பக்கம் முடிந்திருக்கிறது, படித்ததெல்லாம் மறந்துபோயிருக்குமே என்று பயப்படுகிறவர்களுக்கு. இந்தப் பயத்துக்கு ஆதாரம் 1996-இல் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 39 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன முடிவு: சராசரியாக ஒரு மாதப் பாடம் அளவுக்கு இறங்குகிறது, கணக்கில் இன்னும் கூடுதல். ஆனால் 2019-இல் பால் வான் ஹிப்பெல் பழைய ஆய்வுகளைப் புதிய தேர்வுகளோடு ஒப்பிட்டு, இந்த இழப்பு நாம் நினைத்த அளவுக்கு நிலையானதா என்றே சந்தேகப்பட்டு எழுதினார். தேர்வு வைக்கும் விதம் மாறினால் முடிவும் மாறுகிறதாம்.

எங்கள் வீட்டு நிலவரம்: எட்டாம் வாய்ப்பாடு போய்விட்டது. சீட்டி வந்திருக்கிறது.

ஞாயிறு, இரவு 9.40

முதல் குறிப்பில் எழுதிய மாடிப்படிக் கதையை இரவு சாப்பிடும்போது எடுத்தேன். இங்கே இத்தனை பேர் அதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா பார்க்கலாமே என்று.

சின்னவன் குதித்தான். "ஆமா! அப்பாவும் அக்காவும் நானும் படியில உக்காந்திருந்தோமே!"

அப்பா இல்லடா, அம்மா என்றேன்.

"அப்பாதான்."

ஆறு வயதில் நடந்தது, குழம்பிவிட்டான் என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் வலித்தது, மறைப்பானேன். நான் ஒரு முழுக் கோடைக்குச் சமம் என்று பொத்திவைத்திருந்ததை அலுங்காமல் எடுத்து அப்பாவுக்குக் கொடுத்துவிட்டான். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

செவ்வாய், இரவு 12.30. 6 நாள்

முதல் குறிப்பை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. கீழே இருப்பதோடு சேர்த்துப் படியுங்கள்.

இன்று மூத்தவளிடம் தனியாகக் கேட்டேன். காதிலிருந்து இயர்ஃபோனை எடுத்துவிட்டு, "நீ அங்க இல்லம்மா. சாவி உன்கிட்டதான இருந்துச்சு" என்றாள்.

இருக்க முடியாது. சின்னவனின் குதிகால்கள் என் கண்முன் இருக்கின்றன. படியின் குளிர்ச்சி தெரிகிறது. பழைய ஃபோனைத் தேடி எடுத்து மின்னேற்றி, அந்த வருஷத்துச் செய்திகளைப் பின்னால் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

5.48, கணவர்: "சாவி உன் பையில் இருக்கா?"
5.52, கணவர்: "வெளியே நிக்கிறோம்."
6.31, நான்: "மீட்டிங். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்."
7.02, கணவர்: "பரவாயில்ல. நல்லாத்தான் போகுது."

நான் அங்கே இல்லை. அவர்கள் வெளியே நிற்கக் காரணமே நான்தான்.

அன்று ராத்திரி மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொல்லியிருப்பார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருப்போம், நானும் சேர்ந்து சொல்லியிருப்பேன். எங்கேயோ ஒரு தடவையில் "அவங்க உக்காந்திருந்தாங்க" என்பது "நாங்க உக்காந்திருந்தோம்" ஆகிவிட்டது. குதிகாலை நானே வரைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை என்பது சின்ன ஆறுதல். 1995-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரலும் 24 பேரிடம் அவர்கள் சின்ன வயதில் நடந்தவை என்று நாலு கதைகளைக் கொடுத்தார்கள். மூன்று, வீட்டார் சொன்ன உண்மைக் கதைகள். நாலாவது, கடைத்தொகுதியில் தொலைந்துபோய் அழுத கதை, இட்டுக்கட்டியது. ஏறக்குறைய கால்வாசிப் பேர் அந்தப் பொய்க்கதையும் முழுதாகவோ பாதியாகவோ ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டார் பெயரில் வந்தால் மனம் கதவைத் திறந்துவிடுகிறது போல. என் வழக்கில் கதை நிஜம், ஆள்தான் போலி.

கேட்டவரே, உங்களுக்கு அன்றைக்கு வீறாப்பாகப் பதில் சொன்னேன், ஒரு சாயங்காலம் ஒரு கோடைக்குச் சமம் என்று. அந்தச் சாயங்காலம் என்னுடையது இல்லை.

புதன், காலை 7.15. 5 நாள்

கணவரிடம் கேட்டேன்: "மூணு வருஷமா நான் அந்தக் கதையச் சொல்றேன், நீங்க ஏன் ஒரு தடவைகூடத் திருத்தல?"

"நல்லாச் சொல்ற" என்றார்.

வெள்ளி, இரவு 10.50. 3 நாள்

இரண்டு நாளாக எழுதவில்லை. பதில்களைப் படித்தேன். ஒருவர் தன் தங்கைக்கு நடந்த பாம்புக்கடியை முப்பது வருஷமாகத் தனக்கு நடந்ததாகவே சொல்லிவந்திருக்கிறார், தழும்பு தங்கை காலில்! நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

இன்னொருவர் சொன்ன யோசனை: எப்படியோ போகட்டும், கடைசி நாளையாவது நன்றாக முடியுங்கள், முடிவுதான் மனத்தில் நிற்கும். இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 1993-இல் டேனியல் கானெமனும் அவர் கூட்டாளிகளும் ஆட்களின் கையைக் குளிர்ந்த நீரில் வைக்கச் சொன்னார்கள். ஒரு முறை 14 பாகையில் 60 விநாடி. இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே 30 விநாடி, அந்தக் கடைசி அரை நிமிடத்தில் மட்டும் நீர் ஒரு பாகை சூடேறும். எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்றால் பெரும்பாலோர் நீண்டதைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததே.

சரி, கடைசி ஞாயிறை ஒரு பாகை சூடேற்றலாம் என்று திட்டம் போட்டேன். பட்டியலை வீட்டில் படித்துக் காட்டினேன். மூத்தவள்: "எனக்குத் தூங்கணும்." சின்னவன்: "எனக்கும் சும்மா இருக்கணும்." கணவர் வாயே திறக்கவில்லை, ஆனால் அவரும் அந்தக் கட்சிதான்.

ஞாயிறு, இரவு 9.30. நாளைக்குப் பள்ளி

சும்மாதான் இருந்தோம். நோட்டுக்கு அட்டை போட்டோம். பழைய காலணி இரண்டு பேருக்குமே சேரவில்லை.

சின்னவன் ஒரு வழக்குப் போட்டான். வடகோளத்தில் வானியல்படி கோடை என்பது ஜூன் 20, 21 வாக்கில் தொடங்கிச் செப்டம்பர் 22, 23 வாக்கில் முடிகிறது. வானிலைத் துறையினர் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை என்று வைத்துக்கொள்கிறார்கள். தென்கோளத்தில் எல்லாம் தலைகீழ், டிசம்பரிலிருந்து பிப்ரவரி. இந்தக் கணக்கு ஒன்றிலும் நாளைத் தேதியில் எதுவும் முடியவில்லையே, அப்புறம் எப்படிப் பள்ளியைத் திறக்கலாம்? இதை அவனுக்குத் தேடிக்கொடுத்தவள் மூத்தவள். விடுமுறை முழுக்க அடித்துக்கொண்ட இரண்டும் கடைசி இரவில் கூட்டணி.

பாடப்புத்தக அட்டையை மடித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே பேச்சை எடுத்தாள். "அம்மா, அந்தப் படிக்கட்டு. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நீ வந்தப்போ கீழயே தம்பி கண்டுபிடிச்சிட்டான். ரெண்டு மாடி கீழ நீ. 'அம்மாதான், ஓடி வர்றாங்க'ன்னு சொன்னான். வேற யாரையும் அவன் அவ்ளோ கரெக்டா சொல்லல."

நிஜமாகவா என்று கேட்டேன்.

"அப்படித்தான் ஞாபகம்" என்றாள். அப்புறம் சிரித்தாள். "எனக்கும் ஞாபகம் தப்பா இருக்கலாம்."

ஓடினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. யோசித்துப் பார்த்தால் இப்போதே மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கிறது, அதனால் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். இன்னொன்றையும் வரைந்து ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

திங்கள், காலை 9.10

போய்விட்டார்கள். மூத்தவள் 6.30-க்குத் தானே எழுந்தாள், யாரையும் கடித்துக் குதறவில்லை. சின்னவன் வாசலிலிருந்து திரும்பி வந்தான், கட்டிக்கொள்ளத்தான் என்று நினைத்தேன், தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், இந்த அமைதி நன்றாக இருக்கிறது. வெறிச்சென்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன.

18-இல் ஒன்று குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு: 18-க்கு மேல் பிள்ளைகள் ஆவியாகிவிடுவதில்லை என்று ஒரு தாத்தா மேலே எழுதியிருக்கிறார். அவர் மகனுக்கு 41 வயதாம், போன வாரம் வந்து அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறானாம்.

வியாழன், இரவு 10.05. பள்ளி திறந்து 3 நாள்

சாயங்காலம் சின்னவன் பென்சிலும் அளவுகோலுமாக வந்து நின்றான். அவனை அளக்க வேண்டுமாக்கும் என்று எழுந்தேன். "நான் இல்ல. நீ நில்லு."

காலையில் பல் துலக்கும்போதே என்னை நிற்கவைத்து ஒரு கோடு போட்டிருந்தான், ஏதோ விளையாட்டு என்று நானும் நின்றுவிட்டு ஓடினேன். இப்போது திரும்ப நிறுத்தினான். நாற்காலி மேல் ஏறி, அளவுகோலைத் தலையில் அழுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு கோடு போட்டான். 1 சென்டிமீட்டர் குறைவு.

"உன் மீதியும் போச்சு" என்றான். அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு.

இரண்டு கோட்டுக்கும் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறான். மேலே: அம்மா, காலை. கீழே: அம்மா, ஆஃபீஸ் போய்ட்டு வந்தப்புறம்.